யாருமில்லாமல் யார் பெற்றது?

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

எனக்கு இது ஏழாம் மாதம். முதல் பிரசவம் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன். வலியில் கத்தியதற்கு நர்ஸ் திட்டிய வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. இந்த முறை கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டிலேயே, டாக்டர், நர்ஸ் யாருமில்லாமல் பெற்றுக்கொள்ள நினைக்கிறேன். என் ஆயா ஏழு பிள்ளைகளையும் அந்த வீட்டில்தான் பெற்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் தைரியம் சொல்கிறார்கள். கணவரும் சரி என்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தால் பதறிவிடுவார்கள். அவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பெயர் வேண்டாம்.

ஆத்தா,

வாசித்ததும் முதலில் உன் மேல் கோபம் வந்தது, அப்புறம் அந்த நர்ஸ் மேல். நம் பக்கத்துச் சுமைதாங்கிக் கற்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

ஆபரேஷன் விஷயத்தில் நீ சலித்துக்கொள்வது நியாயம்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 ஆபரேஷன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64. அத்தனை பேருக்குமா கத்தி தேவைப்பட்டது? அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடலாம். வாட்ஸ்அப் குழுவைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

உன் ஆயா ஏழு பெற்றார்கள், சரி. எத்தனை நின்றது? எங்கள் அப்பத்தாவிடம் கேட்டால் இரண்டு கணக்கும் சேர்ந்தேதான் வரும். "பெத்தது ஒம்போது, நின்னது நாலு." வட்டிக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, குரல் ஏறாது இறங்காது. பிள்ளைகள் அடுத்தடுத்துப் போன வீட்டில், பிறகு பிறந்ததற்குப் பிச்சை என்று பெயர் வைத்து மூக்கும் குத்திவிடுவார்கள். எமன் ஏறிட்டுப் பார்க்காமல் போகட்டும் என்றுதான்.

'யாருமில்லாமல்' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஊர்களில் யாருமில்லாமல் எந்த ஆச்சி பெற்றாள்? மருத்துவச்சி வந்தாள். நாவிதர் வீட்டுப் பெண். அர்த்தராத்திரியில் லாந்தரோடு ஆள் போய்க் கூட்டிவரும். முகப்பு வழியாக விடமாட்டார்கள், பின்கட்டு வாசல்தான். விளக்கெண்ணெய் தடவிய கையால் வயிற்றைத் தொட்டே தலை கீழே இறங்கியிருக்கிறதா, பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கொடி அறுப்பாள். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததா என்று புரட்டிப் பார்த்த பிறகுதான் கை கழுவுவாள். கூலி கொஞ்சம் நெல், ஒரு பழைய சேலை. அவள் கையில் விழுந்த பிள்ளைகள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தார்கள். எங்கள் வீட்டு ஏடுகளில் உப்பு வாங்கிய கணக்குகூட இருக்கிறது, அவள் பெயர் இல்லை. இப்போது பேத்திகள் நீங்கள் வந்து, அந்தக் காலத்தில் எந்த உதவியும் இல்லாமல் பெற்றார்கள் என்கிறீர்கள். முகப்பில் விடாதவளைக் கதையிலும் விடவில்லை!

அவள் கைக்கும் மீறிப் போனதுண்டு. பள்ளத்தூர் போகிற பாதையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது, நெஞ்சுயரம். சந்தைக்குப் போகிறவர்கள் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் தலைச்சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறுவார்கள். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போன அப்பத்தாவின் அக்காவுக்காக நட்டது. அவள் சுமை இறங்கவில்லை, ஊரார் சுமையாவது இறங்கட்டும் என்று. மேல்கல் நடுவில் மழமழவென்று தேய்ந்து கிடக்கும். அப்பத்தா அந்தப் பக்கம் போனால் உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுக்காமல் நகரமாட்டார்கள். நான் ஏறி உட்காரப் போனதற்கு முதுகில் ஒன்று வைத்தார்கள். சாலையை அகலப்படுத்தியபோது கல் மண்ணுக்குள் போயிற்று.

அதே அப்பத்தாதான், தன் பெண்களுக்கு நாள் நெருங்கும் முன்பே வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள். வேண்டாமென்று முகப்பில் உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள். பெற்றவள் ஒருத்தியும் சொல்லி நான் கேட்டதில்லை. திருச்சித் தாயுமானவர் கதையைத்தான் எடுத்துக்கொள்ளேன். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். செட்டிப் பெண் தவித்தபோது சிவனே தாய் வேடத்தில் வந்து பேறுகாலம் பார்த்தார். நீயே பெற்றுக்கொள் என்று சாமிகூடச் சொல்லவில்லை.

உன் விஷயம் இன்னும் மோசம். கர்ப்பப்பையில் ஏற்கெனவே தழும்பு இருக்கிறது. வலி எடுக்கும்போது அது பிரிந்துகொள்வது ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு நடக்கிறது. குறைவுதானே என்பாய். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம். கானாடுகாத்தானிலிருந்து கார் கிளம்புவதற்குள் என்ன மிஞ்சும்? கணவர் சரி என்றாராம்! 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற்ற பெண் ரத்தப்போக்கில் இறந்தாள். அவள் கணவரும் சரி என்றவர்தான்.

சுகப்பிரசவம் வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போ. எதற்காக ஆபரேஷன் செய்தார்கள், கர்ப்பப்பையில் குறுக்காகக் கிழித்தார்களா நெடுக்காகவா என்று கேள். ஒத்துவருகிறவர்கள் முயன்றால் 100-ல் 60 முதல் 80 பேருக்கு இயல்பாகவே பிறக்கிறது. ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் நடுராத்திரியிலும் கிடைக்கிற ஆஸ்பத்திரியாகப் பார், அவ்வளவுதான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றல்லவா கேட்டிருந்தாய். பிரசவ அறைக்குள் கூட வரச் சொல். அரசு ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் அதைத்தான் வலியுறுத்தியது. சேரும் முன்பே அங்கே கேட்டு உறுதிப்படுத்திக்கொள். அப்புறம் எந்த நர்ஸாவது வாயைத் திறந்தால் உன் அம்மா பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்து அம்மாக்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.