மாமரம் விடும் மீத்தேனா, மடக்கி உழுத வைக்கோலா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஊத்துக்கோட்டைக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர், போர்வெல் பாசனம். அறுவடை மெஷின் விட்ட வைக்கோலை மடக்கி உழுது, எட்டாம் நாள் நெல் நட்டேன். இன்றோடு 22 நாள். பயிர் மஞ்சளித்து, தூர் கட்டாமல் நிற்கிறது. கால் வைத்தால் சேற்றில் குமிழி வருகிறது, நாற்றம் அடிக்கிறது. வரப்பில் உள்ள ஆறு மாமரமும் மீத்தேன் வாயு விடுவதாக விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள் என்கிறார் உரக்கடைக்காரர். லிட்டர் 850 ரூபாய்க்கு ஒரு 'மீத்தேன் தடுப்பு' மருந்தும் தருகிறார். அதை அடிக்கவா, மரத்தை வெட்டவா?

பதில்: இரண்டும் வேண்டாம். மரம் மீத்தேன் விடுவது உண்மைதான். ஆனால் உங்கள் பயிர் மஞ்சளிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காற்று இல்லாத சேற்றில் நுண்ணுயிர்தான் மீத்தேன் உண்டாக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2006-ல் ஜெர்மனியின் பிராங்க் கெப்ளர் குழு, ஆக்சிஜன் உள்ள காற்றிலேயே இலைகளிலிருந்து மீத்தேன் வருகிறது என்று அளந்து காட்டியது. மறு வருஷமே நெதர்லாந்தில் வேறொரு குழு அளந்து பார்த்து, அப்படிக் குறிப்பிடும்படி எதுவும் வரவில்லை என்றது. பிறகு வந்த ஆய்வுகளில் வழி புரிந்தது. இலையின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளின் ஒரு பகுதி (மீத்தாக்சில்) புறஊதாக் கதிரிலும் சூட்டிலும் உடைந்து மீத்தேனாகிறது. செல்லுக்குள்ளே, வெயிலிலும் வறட்சியிலும் பெருகும் வீரிய ஆக்சிஜன் (சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள்), இரும்போடு சேர்ந்து மீத்தைல் பகுதியைப் பிய்த்தெடுக்கிறது. இது எல்லா உயிரினத்திலும் நடக்கிறது என்று 2022-ல் காட்டினார்கள். காயம்பட்ட செடியில் கூடுதலாகவே வரும். அதனால் மரத்தின் கிளையைக் கழிப்பதிலும் லாபம் இல்லை.

அளவைப் பாருங்கள். கெப்ளரின் அந்தப் பெரிய கணக்கையே எடுத்துக்கொள்வோம்: வெயிலில், ஒரு கிராம் காய்ந்த இலை எடைக்கு மணிக்குச் சுமார் 370 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு மரத்துக்கு 50 கிலோ இலை, பத்து மணி நேர வெயில் என்று வைத்தாலும் ஆறு மரமும் சேர்ந்து நாளைக்கு ஒரு கிராமை ஒட்டித்தான் வரும். தண்ணீர் கட்டியே வைத்த தெற்காசிய நெல்வயலுக்கு ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2019-ல் கொடுத்த மீத்தேன் அளவு ஹெக்டேருக்கு நாளைக்கு 0.85 கிலோ. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 500 கிராமுக்கு மேல், அதுவும் வைக்கோல் போடாத வயலுக்கு. அதில் பெரும்பகுதி நெல் தண்டின் காற்றறைகள் வழியாகத்தான் மேலே வருகிறது. பயிர் அங்கே புகைபோக்கி. அடுப்பு சேற்றில் இருக்கிறது.

மீத்தேன் பயிரைக் கொல்லாது. மக்காத வைக்கோலை மடக்கி எட்டே நாளில் நட்டதுதான் கோளாறு. வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர் மண்ணின் தழைச்சத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. காற்றில்லாத சேற்றில் கரிம அமிலமும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து வேரை நெரிக்கின்றன. ஒரு குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெள்ளையாகவோ துருநிறமாகவோ இருந்தால் பிழைத்தீர்கள். கறுத்து நாறினால் இன்றே தண்ணீரை வடியுங்கள்.

மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயட்டும். விரல் நுழையும் வெடிப்பு வரை விடாதீர்கள். பிறகு ஒன்றரை ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மிகாமல் யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவி, உடனே தண்ணீர் கட்டுங்கள். யூரியா போட்ட பிறகு காயவிட்டுத் திரும்பக் கட்டினால் தழைச்சத்து காற்றில் போய்விடும். இலையில் துருப்புள்ளியும் இருந்தால் துத்தநாகக் குறை. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து அடியுங்கள்.

அந்த பாட்டிலில் என்ன சேர்மானம் என்று கடைக்காரரைக் கேளுங்கள். சேற்றில் உள்ள கோளாறுக்கு இலையில் அடிக்க மருந்து கொடுப்பவர் உங்கள் வேரைப் பார்க்கவே இல்லை. அந்தக் காசில், வயலின் நீர்மட்டம் பார்க்க ஒரு பி.வி.சி. குழாய் வாங்குங்கள். ஆறங்குல விட்டம், 30 சென்டிமீட்டர் நீளம். கீழ் 20 சென்டிமீட்டரில் சுற்றிலும் துளை போட்டு, அந்த அளவுக்குச் சேற்றில் இறக்கி, உள்ளே அடைத்த சேற்றை அள்ளிவிடுங்கள். உள்ளே நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் கட்டுங்கள். பூக்கும் முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் காயவிடக் கூடாது. இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் போர்வெல் வயலுக்கென்றே அமைந்த முறை. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

அடுத்த போகத்தில், வைக்கோலை மடக்கினால் ஒரு மாதத்துக்கு மேல் கழித்தே நடுங்கள். வைக்கோலால் கூடும் மீத்தேன் பெரிதும் குறைந்துவிடும். அவ்வளவு நாள் இல்லையென்றால் கட்டு கட்டி மாட்டுக்குக் கொடுங்கள், அல்லது வரப்போரம் குவித்து மக்கவைத்துப் போடுங்கள். அந்தக் குவியலுக்கு மாமர நிழல் வேண்டும்.