மணம் தோலில், புளிப்பு சாற்றில்: ஏர்ல் கிரே தேயிலையை வேலூரில் கலப்பது எப்படி?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி அரைத்து விற்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ‘ஏர்ல் கிரே’ என்ற தேயிலை டப்பாவைக் கொடுத்தார். எலுமிச்சை போலவும் மணக்கிறது, பூவைப் போலவும் மணக்கிறது. ஆனால் துளியும் புளிப்பில்லை, பால் ஊற்றினாலும் திரியவில்லை. நானும் எலுமிச்சைத் தோலைக் காயவைத்து டீத்தூளோடு கொதிக்கவிட்டுப் பார்த்தேன், கசப்புதான் மிஞ்சியது. அந்தத் தேயிலையில் என்னதான் சேர்க்கிறார்கள்? இங்கே கிடைப்பதை வைத்து அப்படி ஒன்றைக் கலந்து விற்க முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை இனத்துப் பழங்களில் மணம் ஓரிடத்தில் இருக்கிறது, புளிப்பு வேறிடத்தில் இருக்கிறது, கசப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேல்தோலில் எண்ணெய், உள்ளே சாறு, இடையில் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதி. உங்கள் டப்பாவில் இருப்பது மேல்தோலின் எண்ணெய் மட்டுமே. நீங்கள் கொதிக்கவிட்டதில் வெள்ளைப் பகுதியும் சேர்ந்துவிட்டது. உங்கள் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை இதிலேயே அடங்கிவிடுகிறது.

ஏர்ல் கிரேயின் சேர்மானம் மிக எளிது. கறுப்புத் தேயிலை, அதன்மேல் பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய், அவ்வளவுதான். சிலர் நீலப் பூவிதழ்களைத் தூவுகிறார்கள். அது கண்ணுக்கு அழகு, நாக்குக்கு ஒன்றும் தராது. டுவினிங்ஸ் நிறுவனம் ‘லேடி கிரே’ என்று விற்கும் வகையில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் கூடுதலாக உண்டு. நம் ஊரில் கலப்பதற்கு இந்த இரண்டாவது வகையே நல்ல வழிகாட்டி.

பெர்கமாட் மரம் பெருமளவில் வளர்வது இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா கடற்கரையில். எலுமிச்சையும் கசப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம் அது. சாறு புளிப்பும் கசப்புமாக இருப்பதால் சுளை சுளையாக உரித்துத் தின்கிற பழமல்ல. தோலைப் பிழிந்து எண்ணெய் எடுப்பதற்காகவே வளர்க்கிறார்கள். அத்தர், ஓடிகொலோன் செய்பவர்கள் விரும்பி வாங்கும் எண்ணெய் இது.

தேயிலைக்குப் பெயர் கொடுத்தவர் 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரே. சீன அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாக இந்தக் கலவையை அவருக்கு அனுப்பினார் என்ற கதை பல டப்பாக்களில் அச்சாகியிருக்கும். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள செய்தி வேறொன்று இருக்கிறது, அது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுவையானதும்கூட: 1801-இல் நவாபிடமிருந்து ஆற்காட்டுச் சீமையைத் தன் வசம் எடுத்துக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, சீனத் தேயிலை வணிகத்தில் வைத்திருந்த ஏகபோக உரிமையை 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழந்தது. அப்போது பிரதமர் இதே கிரேதான்.

மணத்துக்கு வருவோம். எண்ணெய் தோலில்தான் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை எடுத்து, வெளிப்புறம் சுடரைப் பார்க்கும்படி பிடித்து, அகல்விளக்கின் அருகில் சட்டென்று மடித்து அழுத்துங்கள். சிறு பொறிகள் பறக்கும். தோலின்மேல் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பைகள் உடைந்து எண்ணெய் தெறிப்பதால் வருகிற பொறி அது. அதே துண்டின் வெள்ளைப் பக்கத்தைக் கத்தியால் சுரண்டி நாக்கில் வைத்தால் கசக்கும். இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் உங்கள் வேலை.

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது? எலுமிச்சை இனம் முழுவதிலும் காணப்படும் லிமோனீன் இருக்கிறது. பெர்கமாட்டை மற்றப் பழங்களிலிருந்து பிரித்துக் காட்டுபவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு. நீங்கள் சொன்ன பூ மணம் இவற்றால் வருவது. நம் எலுமிச்சையில் இவை மிகக் குறைவு. பதிலாக சிட்ரல் என்ற கூர்மையான மணம் தூக்கலாக இருக்கும். அதனால்தான் எலுமிச்சைத் தோலை மட்டும் எவ்வளவு கூட்டினாலும் ஏர்ல் கிரே வராது. ஓர் அளவைத் தாண்டினால் பாத்திரம் துலக்கும் சோப்பின் நினைப்புதான் வரும்.

லினலூலுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். அது உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. தனியாவின் எண்ணெயில் பாதிக்கும் மேல் லினலூல்தான். சாம்பார்ப் பொடிக்கு வறுக்கும்போது எழும் மணத்தை வைத்து எடைபோட வேண்டாம். வறுத்தால் அது வேறு மணமாக மாறிவிடுகிறது. வறுக்காத தனியாவை உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள். ஆரஞ்சுத் தோலை நினைவூட்டும் ஒரு மென்மை அதில் இருக்கும். ஆரஞ்சுத் தோல், சிறிது எலுமிச்சைத் தோல், ஒரு சிட்டிகை பச்சைத் தனியா: இந்த மூன்றும் சேர்ந்தால் பெர்கமாட்டின் பக்கத்தில் போய் நிற்கலாம். அச்சு அசலாக அதே மணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனத்துக்கு நிறைவான, நம் ஊருக்கே உரிய கலவை கிடைக்கும்.

ஆரஞ்சு வாங்கும்போது குளிர்கால வரத்தான கமலா ஆரஞ்சைத் தேர்ந்தெடுங்கள். தோல் தளர்வாக உரியும், வெள்ளைப் பகுதியும் மெல்லியது. நேதாஜி மார்க்கெட்டில் அந்த மாதங்களில் தாராளமாகக் கிடைக்கும். பளபளவென்று மெழுகு பூசிய பழங்கள் வேண்டாம். எந்தப் பழமானாலும் வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தோலை எடுங்கள். உரித்த தோலின் உட்புறத்தைக் கரண்டி விளிம்பால் வழித்துவிட்டு, தீக்குச்சி அளவுக்கு நறுக்குங்கள். எலுமிச்சையின் தோல் மிக மெல்லியது. அதை உரிக்க முயலாமல், நுண்ணிய துருவியில் நிறம் மட்டும் வரும்படி லேசாகத் தேய்த்து எடுங்கள். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். சாத்துக்குடித் தோலில் மணம் போதாது. பம்பளிமாஸ் தோல் வேண்டவே வேண்டாம், அதன் நாரிஞ்சின் கசப்பு கோப்பையையே ஆக்கிரமித்துவிடும்.

காயவைப்பதில்தான் நம் ஊரில் பலரும் மணத்தைக் கோட்டை விடுகிறார்கள். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் வற்றல் போடுவது போல மாடியில் தோலைப் பரப்பினால், தண்ணீரோடு எண்ணெயும் ஆவியாகிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், மெல்லிய துணிமேல் உலர்த்துங்கள். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் தேயிலைக்குள் போனால் பூசணம் பிடிக்கும். விற்பனைக்கான பொருள் என்பதால் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேயிலை எது? டீக்கடையில் வாங்கும் டஸ்ட் இதற்கு ஆகாது. நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை வாங்குங்கள். சிடிசி முறையில் நொறுக்கி உருட்டிய தேயிலை, பாலும் சர்க்கரையும் தாங்கும் கடுமைக்காகவே செய்யப்படுவது. அதன் துவர்ப்பு மெல்லிய மணத்தை அமுக்கிவிடும். முறுக்கி உலர்த்திய ஆர்த்தடாக்ஸ் இலை அப்படியல்ல. நீலகிரித் தேயிலைக்கு இயல்பாகவே பூ மணம் உண்டு, அதற்குக் காரணமான பொருள்களில் லினலூலும் ஒன்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்கால இலை இன்னும் சிறப்பு. விலை கூடுதல்தான், ஆனால் இந்தக் கலவையில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே.

அளவுக்கு இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: 100 கிராம் இலைக்கு 6 கிராம் உலர்ந்த ஆரஞ்சுத் தோல், 1 கிராம் உலர்ந்த எலுமிச்சைத் துருவல், லேசாக நசுக்கிய தனியா அரை டீஸ்பூன். காற்றுப் புகாத டப்பாவில் 5 நாள் மூடி வைத்துவிட்டு, பிறகு போட்டுக் குடித்துப் பார்த்து மாற்றுங்கள். ஏலக்காய் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் ஏலக்காய் டீ ஆகிவிடும், ஆரஞ்சு காணாமல் போகும்.

பெர்கமாட் எண்ணெயே வாங்கிப் பயன்படுத்தலாமே என்றால், பயன்படுத்தலாம். உணவுக்கு உகந்தது என்று லேபிளில் இருக்க வேண்டும். அறை மணத்துக்கும் தோலில் தடவவும் விற்கும் எண்ணெய்களை ஒருபோதும் தேயிலையில் விடாதீர்கள். 100 கிராமுக்கு 6 சொட்டில் தொடங்குங்கள். இலைமேல் நேராக விடாமல், உலர்ந்த தோல் துண்டுகளில் சொட்டி, அவை உறிஞ்சியபின் இலையோடு குலுக்கி 2 நாள் மூடி வையுங்கள். அப்போதுதான் மணம் ஒரே சீராகப் பரவும்.

நல்ல கலவையையும் கெடுத்துவிடுவது தண்ணீர். நம் பகுதியில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினத்தன்மை மிகுந்தது. அதில் டீ போட்டால் நிறம் மங்கும், ஆறும்போது மேலே ஏடு போல ஒரு படலம் மிதக்கும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சத்தோடு சேர்வதால் வருவது அது. குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ வடிகட்டிய நீரையோ பயன்படுத்துங்கள். விற்கும் பாக்கெட்டிலும் இந்த ஒரு வரியை அச்சிட்டுவிடுங்கள், பாதிப் புகார் வராது.

கொதிக்கவிடும் பழக்கத்தை இந்தத் தேயிலைக்கு மட்டும் கைவிட வேண்டும். அடுப்பில் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சமையலறை மணக்கும், கோப்பை மணக்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 200 மில்லிக்கு 1 டீஸ்பூன் குவியலாக இலை போட்டு, மூடி வைத்து 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் திரண்டிருக்கும் நீர்த்துளிகளை முகர்ந்து பாருங்கள். மூடாமல் விட்டிருந்தால் எவ்வளவு மணம் போயிருக்கும் என்று தெரியும்.

பால் திரியாதது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பாலைத் திரிய வைப்பது சாற்றிலுள்ள அமிலம். தோல் எண்ணெயில் அந்தப் புளிப்பு கிடையாது. அதனால் உங்கள் கலவையிலும் சிறிது பால் சேர்க்கலாம். பிரியாணிக்குப் பிறகு பலர் குடிக்கும் சுலைமானியில் எலுமிச்சை பிழிவதால்தான் அங்கே பாலுக்கு இடமில்லை. சாறு விழுந்ததும் டீயின் நிறம் வெளுப்பதும் அமிலத்தின் வேலைதான், டீ நீர்த்துப்போய்விடவில்லை. என் விருப்பத்தைக் கேட்டால், பாலும் வேண்டாம், சாறும் வேண்டாம். கொஞ்சம் பனங்கற்கண்டு போதும்.

கோடையில் இதைக் குளிராகக் கொடுத்தால் நன்றாக விற்கும். சுடச்சுடப் போட்ட டீயை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும். 1 லிட்டர் குளிர்ந்த நீரில் 8 கிராம் இலையைப் போட்டு இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறவைத்து வடிகட்டினால் தெளிவாக இருக்கும், துவர்ப்பும் குறையும்.

உடல்நலம் குறித்தும் இரண்டு செய்திகள். கறுப்புத் தேயிலை உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. பெர்கமாட் எண்ணெயில், சில கொலஸ்டிரால், இரத்த அழுத்த மாத்திரைகளோடு மோதக்கூடிய பொருள்களும் உண்டு. ஒன்றிரண்டு கோப்பையில் அவற்றின் அளவு மிகக் குறைவு. ஆனாலும் நாள் முழுக்கக் குடிப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். தினமும் 4 லிட்டர் வரை ஏர்ல் கிரே குடித்த ஆஸ்திரியர் ஒருவருக்குத் தசைப்பிடிப்பு வந்ததும், வெறும் கறுப்புத் தேயிலைக்கு மாறியபின் அது நின்றதும் 2002-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

விற்பனையைப் பொறுத்தவரை, மணம் சேர்த்த தேயிலை என்பதையும் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் லேபிளில் தெளிவாகப் போட வேண்டும். பெர்கமாட் சேர்க்காமல் ஏர்ல் கிரே என்று பெயர் வைக்காதீர்கள். ஆரஞ்சுத் தோல் தேயிலை என்று உள்ளதைச் சொல்லியே விற்கலாம். பொடி வகைகளுக்கு எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவில் தேயிலையையும் சேர்க்க வேண்டியிருக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

நீங்கள் மிளகாயும் பெருங்காயமும் அரைக்கும் அறையில் தேயிலையைத் திறக்கவே கூடாது. அருகில் எது மணந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஆரஞ்சு மணத்தை ஏற்கும் அதே குணத்தால் சாம்பார்ப் பொடியின் மணத்தையும் ஏற்கும். தனி அறை, தனிக் கரண்டி, தனித் தராசுத் தட்டு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பா. மிக்ஸி ஜாரை இதற்குத் தொடவே வேண்டாம், தனியாவைக் கல்லில் நசுக்கினாலே போதும். முதலில் 100 கிராம் மட்டும் கலந்து, ஏற்கெனவே உங்களிடம் பொடி வாங்குபவர்களுக்குச் சிறு பொட்டலமாகக் கொடுத்துப் பாருங்கள். எலுமிச்சைத் துருவலைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர்கள் சொல்வதை வைத்து முடிவுசெய்யலாம்.