முயலைப் பட்டினி போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். சந்தையில் வாங்கியபோது இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆறாம் மாதமே ஒன்று ஐந்து குட்டி போட்டுவிட்டது. குட்டிகளைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டோம். போன வாரத்திலிருந்து இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருக்கும் பெண்ணுக்குப் பணியாரம் என்றும் பழுப்பு நிற ஆணுக்குக் கும்மாயம் என்றும் மகள் பெயர் வைத்திருக்கிறாள். இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டால், முதல் நாள் ராத்திரியிலிருந்தே எதுவும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்கிறார். சென்னையில் முயல் வளர்க்கும் என் தங்கை, அப்படிச் செய்யவே கூடாது என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது? ஆணுக்கு மட்டும் செய்தால் போதாதா என்று இவர் கேட்கிறார். மாமியாருக்கோ இந்தப் பேச்சே பிடிக்கவில்லை, பாவம் என்கிறார்கள். தை மாதம் மாமனாருக்குப் பீமரத சாந்தி (எழுபதாம் வயதுச் சடங்கு) வேறு இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் தங்கை சொல்வதுதான் சரி.

நாய்க்கும் பூனைக்கும் பட்டினி போடுவது ஏன் என்றால், மயக்கத்தில் இருக்கும்போது வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலுக்கு வாந்தியே வராது. அதன் இரைப்பையின் அமைப்பு அப்படி, உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியே வரும். ஆகவே பட்டினியால் ஒரு லாபமும் இல்லை, நஷ்டம்தான் நிறைய. முயலின் குடல் நிற்காமல் ஓட வேண்டிய குடல், நார்ச்சத்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் நகரும். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடையாது, காலையில் காரில் பயணம், புது இடத்துப் பயம், அப்புறம் மயக்க மருந்து, அப்புறம் வலி, இத்தனையும் சேர்ந்தால் குடல் அப்படியே நின்றுபோகும், வாயு கட்டிக்கொள்ளும். கத்தி வைத்த இடம் அழகாக ஆறிக்கொண்டிருக்கும், முயல் மட்டும் இரண்டு மூன்று நாளில் செத்துக் கிடக்கும்.

இதற்காக அந்த டாக்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நம் பக்கத்தில் கால்நடை டாக்டர்களிடம் வருவது மாடு, ஆடு, கோழி, இப்போது கொஞ்சம் நாய். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழக அவர்களுக்கு வாய்ப்பே வருவதில்லை. ஆனால் “பட்டினி போடணுமா?” என்ற இந்த ஒரு கேள்வியை வைத்தே முயல் தெரிந்த டாக்டரைக் கண்டுபிடித்துவிடலாம். “வேண்டாம், ஒரு மணி நேரம் முன்னால் தீனியை எடுத்துவிடுங்கள், வாயில் எதுவும் அடைந்திருக்கக் கூடாது” என்று சொன்னால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். அப்படியே இன்னும் சிலதையும் கேட்டுவிடுங்கள்: இதற்கு முன் பெண் முயலுக்குச் செய்திருக்கிறாரா, ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்கம் இருக்கிறதா, வீட்டுக்கு அனுப்பும்போது வலி மருந்து கொடுப்பாரா, வெளியே தையல் தெரியாமல் உள்தையலாகப் போட முடியுமா (வெளியே நூல் நீட்டிக்கொண்டிருந்தால் முயல் அதைக் கடித்துப் பிரித்துவிடும்). வாய்வழியாகக் கொடுக்க அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் மட்டும் பேசாமல் வாங்கி வந்துவிடாதீர்கள். அந்த வகை மருந்து வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே ஆபத்தாக முடியும், வேறு மருந்து கேளுங்கள். பக்கத்தில் யாரும் அமையாவிட்டால் மதுரையிலோ திருச்சியிலோ விசாரியுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முயலுக்குச் செய்வார்களா, எந்த நாளில் வரலாம் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்து, ஆணுக்கு மட்டும் போதுமா என்ற கேள்வி. குட்டி போடுவதை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் போதும், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. ஆணுக்குச் செய்வது சின்ன வேலை, இரண்டு மூன்று நாளில் பழையபடி குதிக்கும். செலவைப் பார்த்தால் கும்மாயத்துக்கு முதலில் செய்யுங்கள். ஆனால் பணியாரத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வருவது சர்வ சாதாரணம், சில இனங்களில் 4 வயது தாண்டியவற்றில் பாதிக்கு மேல் என்று கால்நடைப் பாடப் புத்தகங்களே சொல்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8, 10 வருடம் இருக்கும். 4 வயதில் சாகவிடுவது பாவமா, ஒரு நாள் வலி பாவமா என்று உங்கள் மாமியாரிடமே கேளுங்கள். அவர்கள் மனதில் இருப்பது ஒருவேளை மாட்டுக்கும் கிடாவுக்கும் கிடுக்கி வைத்துக் காயடிப்பதாக இருக்கும். அதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் பாவம் என்றுதான் சொல்வார்கள். இது மயக்கம் கொடுத்து, வலி மருந்து கொடுத்துச் செய்வது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், செலவு மிச்சம் என்று யாராவது ஆட்டுக்குக் காயடிக்கிறவரைக் கூட்டி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பயந்தால் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் பிராணி முயல்.

நாள் பார்ப்பது பற்றி. பிரித்து வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். முயலுக்குச் சினைக்காலம் 30, 31 நாள், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் செய்யும். அதனால் பிரித்த நாளிலிருந்து ஒரு 35 நாள் போகட்டும், அப்போதும் குட்டி இல்லை என்றால் பணியாரத்துக்குச் சினை இல்லை என்று நம்பலாம். நடுவில் நெஞ்சு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால் பயப்பட வேண்டாம், அது பொய்ச்சினையாகவும் இருக்கலாம், டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். கும்மாயத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி நல்ல காலம், வெயில் இல்லை. சித்திரை வைகாசியில் நம் ஊர்ச் சூட்டில் நல்ல முயலே நாக்குத் தள்ளும், ஆபரேஷன் செய்த முயலை எங்கே வைத்துத் தேற்றுவது? சாந்திக்கு மட்டும் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விட்டுவிடுங்கள். பந்தல்காரர், சமையல்காரர், நாதஸ்வரம், பங்காளிகள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் வளவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது தையலோடு ஒரு முயல் மூலையில் இருந்தால் அது பயத்திலேயே தின்பதை நிறுத்திவிடும். அதற்குள் முடியவில்லையா, மாசி மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் புதுத் தீனி எதுவும் வேண்டாம். தினமும் என்ன தின்கிறது, எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று மட்டும் மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். நல்ல புழுக்கை கறுப்புக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே நார் தெரிய இருக்கும். இது இப்போதே கண்ணில் பதிந்தால்தான் பின்னால் வித்தியாசம் தெரியும். தும்மல், மூக்கொழுகல், முன்னங்காலின் உள்பக்க முடி ஈரமாகச் சடை பிடித்திருப்பது (மூக்கை அதில்தான் துடைத்துக்கொள்ளும்), இதில் எது இருந்தாலும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். போகிற அன்று வழக்கமான புல்லும் தழையும் ஒரு பையில் கூடவே போகட்டும், கண் விழித்ததும் பழகின வாசனை மூக்கில் பட வேண்டும். பெரிய ஓலைக் கொட்டானில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், திருப்பத்தூர் தாண்டுவதற்குள் அதைத் தின்று முடித்திருக்கும். பிளாஸ்டிக் கூண்டு போதும், ஆளுக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். முதல் சில மணி நேரம் உடம்புச் சூடு இறங்கும், முயலுக்கு இயல்பே 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காதைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், பிடிக்காவிட்டால் அது விலகிப் போக இடமும் இருக்கட்டும். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல் வெயில் காலத்தில் முயலுக்குச் சொர்க்கம், வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடும். ஆனால் முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, வெறும் முடி, எண்ணெய் போட்டுத் துடைத்த கல்லில் அவசரமாகத் திரும்பினால் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விரியும். வயிற்றில் தையல் இருக்கும் முயலுக்கு அந்த ஒரு வழுக்கல் போதும். பட்டாலையில் ஒரு மூலையை அடைத்து ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பழைய பருத்தி வேட்டியைப் போட்டுத் தினமும் மாற்றுங்கள். மரத்தூள் வேண்டாம், புண்ணில் ஒட்டும்.

தின்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அன்று சாயங்காலமே கொஞ்சமாவது வாய் வைக்க வேண்டும். கொத்தமல்லித் தழை, புதினா, முள்முருங்கை இலை, அருகம்புல், எது பிடிக்குமோ அதை மூக்குக்கு நேரே நீட்டிப் பாருங்கள். தண்ணீரைக் குனிந்து குடிக்கிற மாதிரி கிண்ணத்தில் வையுங்கள். முதல் நாள் புழுக்கை சின்னதாக, குறைவாக இருந்தால் பரவாயில்லை. 12 மணி நேரம் ஆகியும் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னால் பெல்லட் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மல்லாத்திப் போட்டுக் கொடுத்தால் புரையேறும்.

முயல் வலித்தாலும் கத்தாது. முதுகைக் குவித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும். அப்படி இருந்தால் வலி மருந்து போதவில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கொடுத்துப் பார்க்காதீர்கள். புண்ணுக்கு மஞ்சள் பத்து, வேப்பெண்ணெய் என்று மாமியார் எடுத்து வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள், எண்ணெய் பட்டால் அதை நக்கிக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் புண்ணைப் பார்த்தால் போதும். சிவந்து வீங்குவது, நீர் கசிவது, நாற்றம் இந்த மூன்றும்தான் கவலைப்பட வேண்டியவை. ஈ மொய்க்கவே கூடாது. ஈரமும் புண்ணும் இருக்கும் இடத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும், கொசுவலையைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். உண்ணிக்கு என்று நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வீட்டில் இருந்தால் அது முயலுக்கு விஷம், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். முயல் இரவில் போடும் மெத்தென்ற புழுக்கையைக் குனிந்து தானே திரும்பத் தின்ன வேண்டும், கூம்பு அதைத் தடுத்துவிடும்.

பணியாரத்துக்கு ஒரு பத்து நாள் குதிக்காமல் பார்த்துக்கொண்டால் தேறிவிடும். ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்று உடனே இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள், ஆணுக்கு விதையை எடுத்த பிறகும் 4 முதல் 6 வாரம் வரை சினைப்படுத்தும் திறன் மிச்சம் இருக்கும், தவிர பெண்ணின் தையல் மேல் ஏறிக் குதித்தும் வைக்கும். அதுவரை நடுவில் கம்பி வலை வைத்து ஒன்றையொன்று பார்க்க, முகர விடுங்கள். அப்புறம் இரண்டாங்கட்டு மாதிரி இரண்டுக்குமே பழக்கமில்லாத இடத்தில் தினம் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். முடி பறக்கச் சண்டை போட்டால் கையை நடுவில் நுழைக்காமல் ஒரு அட்டையைச் செருகிப் பிரியுங்கள், முயல் கடி நன்றாகவே ஆழமாக இறங்கும்.