ஆகன், ஈலியம், நைதரசன்: கேட்டவையும் சொன்னவையும்

கோண்டாவில் தம்பி: எவர்சில்வர் கேற் செய்கிறேன் அண்ணை. ஆகன் வாயு வைத்து வெல்டிங் ஒட்டினாலும் சில நாள் ஒட்டு கறுத்துப்போகிறது. சிலிண்டர் பழுதா?

பதில்: சிலிண்டரைப் பார்க்க முதல் பட்டறை வாசலைப் பாருங்கள் தம்பி. சோழகம் வீசும் நாளில் வெளியே நின்று ஒட்டினால், ரோர்ச்சில் வரும் ஆகனைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். உருகிய உலோகத்தில் ஒட்சிசன் படாமல் காப்பதுதான் ஆகனின் வேலை. தகரத்தால் ஒரு மறைப்புப் போடுங்கள். வாயுவை அளவுக்கு மீறித் திறந்தால் அது சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துவரும். சாதாரண வேலைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லீற்றர் போதும். நெருப்பு அணைந்ததும் ரோர்ச்சை எடுக்காதீர்கள். ஒட்டின் சிவப்பு மங்கும்வரை அதே இடத்தில் பிடியுங்கள். வைக்கோல் மஞ்சள் நல்ல ஒட்டு. சாம்பலும் கறுப்பும் என்றால் ஒட்சிசன் பட்டுவிட்டது.

சுன்னாகம் மாணவி: ஆகனை எதிலிருந்து எடுக்கிறார்கள்?

பதில்: நாங்கள் மூச்சு விடும் காற்றிலிருந்துதான் தங்கச்சி. அதில் 0.93 வீதம் ஆகன். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, கொதிநிலை வித்தியாசத்தால் பிரிப்பார்கள். 1894 இல் றாலி, றம்சி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கிரேக்கத்தில் ஆகன் என்ற பெயருக்குச் சோம்பேறி என்று பொருள்.

ஒரு அம்மா: நல்லூர்த் திருவிழாவில் வாங்கும் பறக்கும் பலூனில் ஈலியம்தானே?

பதில்: பார்த்துச் சொல்ல முடியாது அம்மா. ஐதரசன் அடைத்தாலும் பறக்கும், ஆனால் அது பற்றி எரியும். விற்பவரிடம் கேளுங்கள், கற்பூரத் தட்டு, விளக்குப் பக்கம் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். குரல் மாறுகிறதென்று ஈலியத்தை இழுக்கவும் விடாதீர்கள். நெஞ்சு நிறைய ஈலியம் இருந்தால் அங்கே ஒட்சிசனுக்கு இடமில்லை.

வேறொருவர்: சிப்ஸ் பக்கற்றில் பாதி காற்றுத்தானே?

பதில்: அது நைதரசன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் சிப்ஸ் நொறுங்காமலும் காக்கிறது. ரயருக்கும் அதை அடிக்கிறார்கள். சாதாரண காற்றிலேயே 78 வீதம் நைதரசன் இருப்பதால், எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கோண்டாவில் தம்பி: இன்னொன்று அண்ணை. தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கி ஒட்டச் சொல்கிறார்கள்.

பதில்: தனியே இறங்காதீர்கள். ஆகன் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம், அடியில் தேங்கும். மணமில்லை. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது காபனீரொட்சைட்டு சேர்வதுதான். ஆகனில் அது சேராது, அதனால் எந்த அறிகுறியும் இல்லாமல் மயங்கி விழுவீர்கள். ஊதுவிசிறி வைத்து நல்ல காற்றை அடிவரை விடுங்கள், ஒட்சிசன் மானியால் அளந்து பாருங்கள், மேலே ஒருவரை நிறுத்துங்கள். உள்ளே போனவர் விழுந்தால் மேலே நிற்பவர் பின்னால் குதிக்கவே கூடாது. இடுப்பில் முதலே கட்டிய கயிற்றால் வெளியே இழுங்கள்.