உதறிப் போட்ட உண்ணி எங்கே போய் முட்டையிடும்?

கேள்வி: எங்கள் நாயின் காது மடிப்பில் ஆமணக்கு விதை அளவுக்கு உப்பியிருந்த சாம்பல் நிற உண்ணியைப் பிடுங்கி அறை மூலையில் போட்டுவிட்டேன். அதன் அடியில் ஒரு குட்டி உண்ணியும் ஒட்டியிருந்தது. பெரியதை இப்போது காணவில்லை. ஒரே தடவை மருந்து அடித்தால் முட்டையோடு ஒழியும் என்கிறார், மருந்து அடிக்க வந்தவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். முதலில், நீங்கள் குட்டி என்று நினைத்தது பெரும்பாலும் முழு வளர்ச்சி அடைந்த ஆண் உண்ணியாகவே இருக்கும். நாயை அதிகம் பிடிக்கும் பழுப்பு நாய் உண்ணி, நாயின் உடலிலேயே இணை சேர்கிறது; வயிற்றோடு வயிறு ஒட்டிய நிலையில் ஆண், பெண்ணின் அடியில் கிடக்கும். இணை சேரும்வரை பெண் உண்ணி மெதுவாகவே இரத்தம் குடிக்கும். சேர்ந்த பிறகுதான், கடைசி ஓரிரு நாட்களில் வேகமாகக் குடித்துத் தன் எடையைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கிறது. ஆகவே அது அப்படி உப்பியிருந்ததே கருவுற்றதற்கு அடையாளம்.

நாயை விட்டு இறங்கியதும் அது மறைவிடம் தேடி ஊர்ந்து, சில நாள் சும்மா கிடந்து, பிறகு ஒரே குவியலாக முட்டையிட்டுச் செத்துப்போகும். வாழ்நாளில் ஒரே ஈடு, ஆனால் அதில் 4,000 முட்டை வரை இருக்கலாம். வெளிவரும் ஒவ்வொரு முட்டைக்கும் தலையருகே உள்ள ஓர் உறுப்பால் மெழுகு பூசுகிறது. அந்தப் பூச்சு இல்லையென்றால் முட்டை காய்ந்து கெட்டுவிடும். இந்த இன உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கமுடையது என்பதால், மூலையில் தேடிப் பயனில்லை. கதவு நிலை, சுவர் விரிசல், கூரையோரம் ஆகியவற்றைப் பாருங்கள். தரையை மட்டும் நனைத்துவிட்டுப் பணம் வாங்குபவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஊர்ந்து திரியும் உண்ணியைக் கொல்லும் மருந்துகளில் பல முட்டையை விட்டுவிடுகின்றன. சூடான காலத்தில் சில வாரங்களில் முட்டை பொரிந்து, கடுகைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் வெளிவரும். உறுதி கொடுத்தவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

“பாதி உப்பிய உண்ணி முட்டையிடாது” என்று பலர் சொல்வதை இங்கே அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்பட்ட உண்ணியினத்தில், கருவுற்ற பெண், பசித்த நிலையில் இருந்த எடையைப்போல் சுமார் 10 மடங்கைத் தாண்டிய பிறகு பிடுங்கப்பட்டால், மறுபடி கடிக்க ஆள் தேடாமல், குடித்த மட்டிலான இரத்தத்தைக் கொண்டே முட்டையிடுகிறது. எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். அந்த எல்லையைத் தாண்டாததோ வேறொரு நாயைத் தேடிப் போகும். கண்ணால் எடை போட நம்மால் முடியாது. ஆகவே தட்டையாக இருந்தாலும் உப்பியிருந்தாலும், பிடுங்கிய உண்ணியை ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட புட்டியில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம்: முட்டை சிதறிவிடும் என்பதற்காக அல்ல, இறங்கிய அன்றைக்கு முட்டை முதிர்ந்திருக்காது, உள்ளிருக்கும் திரவத்தில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதற்காக.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, பெரிய கேனிலிருந்து பெயர்ச்சீட்டில்லாத புட்டியில் ஊற்றி விற்கப்படும் ‘உண்ணி மருந்து’. என்ன மருந்து, எத்தனை விழுக்காடு என்று விற்பவருக்கே தெரியாது; தடுக்க வேண்டியவர்கள் கோப்பில் கையெழுத்திடுவதோடு சரி. முறையாக விற்கும் மருந்திலும் அளவுக் குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அளவு குறைந்தால் தாக்குப்பிடித்த உண்ணிகளே பெருகும். கூடினால் நாய்க்கு நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால், நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்து அதன் உயிரையே பறிக்கலாம்.

நாயை எடை போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைச் சில மாதங்கள் இடைவிடாமல் கொடுங்கள். இரத்தம் கிடைக்காத உண்ணி மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதே காரணம். விரிசல்களைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து, பையை உடனே கட்டி அகற்றிவிட்டுப் பூசி அடையுங்கள். மருந்து அடிப்பதானால், குஞ்சு பொரியும் காலத்தைக் கணக்கிட்டு, சீட்டில் உள்ள இடைவெளிப்படி மறுபடியும் அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.