உங்கள் நாளில் உண்மையிலேயே உங்களுடையது எத்தனை மணி நேரம்?

கேள்வி: ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டு வேலை பெரும்பாலும் என் பொறுப்பு. இவற்றுக்கிடையே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டயப் படிப்பும் படிக்கிறேன். இன்னும் சில மாதங்களில் தேர்வு. தினமும் காலையில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டால் பதினான்கு, பதினைந்து வேலைகள் வருகின்றன. இரவில் பார்த்தால் ஐந்தாறுதான் முடிந்திருக்கின்றன. நான்கு மணிக்கு எழுந்தும் பார்த்தேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். எனக்குத் திட்டமிடத் தெரியவில்லையா, அல்லது நான் சோம்பேறியா?

பதில்: நீங்கள் சோம்பேறி இல்லை. அலுவலகமும் வீடும் படிப்புமாக ஒரே நாளில் மூன்று பொறுப்புகளைச் சுமப்பவரை அந்தச் சொல்லால் யாரும் அழைக்க முடியாது. நீங்களும் உங்களை அப்படி அழைத்துக்கொள்ள வேண்டாம். கோளாறு உங்களிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அதில் வேலைகளின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும், அன்றைக்கு உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: வரவு என்னவென்று பார்க்காமல் செலவுப் பத்தியை மட்டும் எழுதிக்கொண்டே போனால், மாதக் கடைசியில் துண்டு விழுவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆகவே முதலில் வரவைப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். 2015ஆம் ஆண்டு அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு இணைந்து வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்; அதற்கு 49 போய்விடும். ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் அலுவலகம் என்றால் 48. போக வர ஒன்றரை மணி என்றால் 9. சமையல், துணி, பிள்ளைகளின் பாடம் எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலரை மணி என்று வைத்தால் 31.5. குளியலுக்கும் உணவுக்கும் ஒன்றரை மணி வீதம் 10.5. எல்லாம் போக மிஞ்சுவது 20 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. அதிலும் கணிசமான பகுதி விடுமுறை நாளில்தான் கிடைக்கும். இது மாதிரிக் கணக்குதான், உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் பதினைந்து வேலைகளை நீங்கள் எழுதியது இந்த மூன்று மணி நேரத்தின் மேல்தான் என்பதை ஒரு முறையாவது தாளில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் சொந்த எண்களைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் குறிப்பெடுங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைக்கக்கூடிய சிறு நோட்டு போதும். செயலி எதுவும் தேவையில்லை. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மணியையும் வேலையையும் ஒரே வரியில் எழுதுங்கள். ‘7.40 பாடம் இரண்டு. 7.52 தொலைபேசி. 8.05 மகனின் பையைத் தேடினேன். 8.20 மறுபடி பாடம்.’ இவ்வளவுதான். அந்த வாரத்தில் எதையும் திருத்த முயல வேண்டாம். திருத்தத் தொடங்கினால் பதிவு பொய்யாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் நாம் ஒதுக்கும் நேரம் ஏன் போதுவதே இல்லை என்று பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான திட்டங்கள் உடைவது இங்கேதான். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1970களிலேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இறுதியாண்டு மாணவர்களிடம் தங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டார்கள். சராசரி மதிப்பீடு சுமார் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு வந்த விடை சுமார் 49 நாள். உண்மையில் அவர்களுக்குப் பிடித்தது சராசரியாக 55 நாளுக்கும் மேல். நாம் கணிக்கும்போது இந்த வேலை எப்படி நடக்கும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். போன முறை இதே போன்ற வேலை எப்படி நடந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

‘காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும்’ என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிட வேலை என்றுதான் தோன்றும். உட்கார்ந்தால் முதலில் பழைய பத்திரத்தைத் தேட வேண்டும்; அதிலிருந்து எண்ணைப் பார்த்து இணையதளத்தில் இட வேண்டும். கடவுச்சொல் நினைவில் இருக்காது. புதிதாக அமைக்க மின்னஞ்சலைத் திறந்தால் அங்கே படிக்காத கடிதங்கள் நான்கு கண்ணில் படும். பணம் செலுத்தும்போது ஒருமுறைக் கடவுச்சொல் வரத் தாமதமாகி, பக்கம் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். ரசீதைச் சேமித்துவிட்டு நிமிர்ந்தால் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். நீங்கள் எங்கும் வீணடிக்கவில்லை. வேலையின் உண்மையான அளவே நாற்பது நிமிடம்தான், பத்து என்று எழுதியதுதான் தவறு. உங்கள் நோட்டு நிரம்பும்வரை எந்த மதிப்பீட்டையும் ஒன்றரை மடங்காக்கி எழுதுங்கள். நோட்டு நிரம்பிய பிறகு, அதில் உள்ள நேரத்தையே எடுத்து எழுதுங்கள்.

இப்படி எழுதினால் ஒரு நாளில் இரண்டு மூன்று வேலைகளுக்கு மேல் இடம் இருக்காது. முதல் சில நாள் மனத்துக்குச் சங்கடமாக இருக்கும். மிச்சத்தை வேறொரு தாளில் வைத்திருங்கள், ஆனால் அதை அன்றைய பட்டியல் என்று அழைக்காதீர்கள். தேர்ந்தெடுத்த வேலைகளுக்கு எப்போது, எங்கே, எதையடுத்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘படிக்க வேண்டும்’ என்பதைவிட, ‘பிள்ளைகள் படுத்ததும் முன்னறை மேசையில் உட்கார்ந்து மூன்றாம் பாடத்தின் கணக்குகளைப் போடுவேன்’ என்பது நிறைவேற வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் நெடுநாள் ஆய்வுகள் இதைத்தான் காட்டின: இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்து வைத்தவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள்.

இடைமறிப்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டியதுபோல, ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. எனவே இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பு இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை. சில்லறை வேலைகளையெல்லாம் ஒரே அரை மணி நேரத்தில் சேர்த்து வையுங்கள். படிக்கும்போது செல்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பிள்ளை கூப்பிட்டு எழுந்துதான் ஆக வேண்டுமென்றால், எழுவதற்கு முன் ‘ஏழாம் கணக்கு, இரண்டாம் படியிலிருந்து’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு எழுங்கள். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று துழாவ வேண்டியிருக்காது.

நான்கு மணிக்கு எழுவதைக் கைவிட்டது சரியான முடிவு. இரவு சீக்கிரம் படுக்க வழியில்லாதவர் சீக்கிரம் எழுந்தால், காலையில் எடுத்ததை மாலையில் தலைவலியாகவும் எரிச்சலாகவும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ‘வீட்டு வேலை பெரும்பாலும் என் பொறுப்பு’ என்ற வரி. மேலே போட்ட கணக்கில் சற்றேனும் குறைக்கக்கூடிய பெரிய தொகை அந்த 31.5 மணி நேரம்தான். அது குறையாமல் நோட்டும் பட்டியலும் செய்யக்கூடியது குறைவு. வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அவரோடு இந்த எண்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘எனக்கு நேரமே இல்லை’ என்பது புலம்பலாகக் கேட்கும், ஒரு வாரப் பதிவு அப்படிக் கேட்காது. ஒப்படைக்கும் வேலையை நினைவில் வைத்திருக்கும் பொறுப்போடு முழுமையாக ஒப்படையுங்கள். துணி துவைப்பது அவர் பொறுப்பு என்றால், சோப்புத் தூள் தீர்ந்துவிட்டதைக் கவனிப்பதும் அவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் பள்ளிப் பையைத் தாங்களே இரவில் அடுக்கி வைக்கலாம்.

வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே வரும் வேலை எதுவானாலும், அதைச் சிறு துண்டுகளாக்குவதா, வேறொருவரிடம் கொடுப்பதா, அடித்தே விடுவதா என்று அப்போது முடிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் தேர்வு. ஒரு பாடத்தை முடிக்க உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை இந்த வாரமே அளந்துவிடுங்கள். மூன்று மணி நேரம் ஆகிறது, முப்பது பாடங்கள் மிச்சம் என்றால் மொத்தம் 90 மணி நேரம் தேவை. வாரத்துக்கு எட்டு மணி நேரம் படிக்க முடியுமானால் பதினொரு வாரத்துக்கும் மேல் ஆகும். தேர்வுக்கு அவ்வளவு நாள் இருந்தால் கவலையின்றித் தொடருங்கள். இல்லையென்றால், எந்தத் தாளை அடுத்த தேர்வுக்குத் தள்ளுவது என்பதையோ, இந்தச் சில மாதங்களுக்கு வேறெந்தப் பொறுப்பை விடுவது என்பதையோ தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பதறிக்கொண்டு தீர்மானிக்காமல் இப்போதே தீர்மானித்துவிடுங்கள்.