மரம் நட்டாயிற்று, தண்ணீர் யார் ஊற்றுவது?

கேள்வி: வார நாட்களில் அலுவலகம். வாரத்தில் ஒரு காலைப் பொழுதுதான் எனக்கென்று கிடைக்கும். உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று சென்ற ஆண்டு ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். பெரிய கூட்டமாகக் கூடி மரக்கன்று நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் முக்கால்வாசிக் கன்றுகள் காய்ந்து குச்சியாக நிற்கின்றன. கேட்டால் அடுத்த நடவுக்குத் தேதி சொல்கிறார்கள். மனசு விட்டுப்போய், காலி மனை ஒன்றில் நடக்கும் கூட்டுத் தோட்டத்துக்கு மாறினேன். அங்கே ஒரு பெரியவர் வைத்ததுதான் சட்டம். எனக்குக் கிடைப்பது களை பிடுங்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் மட்டுமே. செடிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதும் உண்மை. ஒன்பது வயது மகனையும் அழைத்துப் போகலாமா என்று ஒரு யோசனை. இதிலெல்லாம் பயன் இருக்கிறதா, இல்லை என் நேரம் வீணாகிறதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: காய்ந்த கன்றுகளைப் போய்ப் பார்த்தீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று வந்த கூட்டத்தில் எத்தனை பேர் திரும்பிப் போய்ப் பார்த்திருப்பார்கள்? இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமானவர் என்பதற்கு எனக்கு அதுவே போதும். செடிகளின் பெயர் தெரியாதது பெரிய விஷயமில்லை, பழகப் பழக வந்துவிடும்.

நடவு ஒரு நாள் வேலை. அதில் கூட்டம் உண்டு, உற்சாகம் உண்டு, படம் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அந்தக் கன்றுக்கு ஆள் வேண்டும். அப்போதுதான் யாரும் இருப்பதில்லை. பையிலிருந்து எடுத்து நட்ட கன்றின் வேர் முதலில் அந்தப் பை மண் அளவுக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள நிலம் ஈரமாகத் தெரிந்தாலும் வேர் இருக்கும் அந்தக் கட்டி மட்டும் காய்ந்து போகலாம். போகிற போக்கில் மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல்மண் மட்டும் நனையும். வேர்ப்பகுதி முழுக்க நனையும்படி நிதானமாக ஊற்றி, மண் ஓரளவு உலர்ந்த பிறகு மறுபடி ஊற்றவேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்தாலே தேவையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் ஊற்றியும் சாகிற கன்றுகள் உண்டு. பெரும்பாலும் ஆழமாக நட்டதுதான் காரணம். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண் மட்டத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும். குழியைத் தோண்டிவிட்ட ஆர்வத்தில் கழுத்து வரை புதைத்துவிட்டால் தண்டு அழுகத் தொடங்கும், வேருக்குக் காற்றும் கிடைக்காது. பைக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிடாமல் நட்டாலும் அது வெளியே பரவாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். காய்ந்த இலையையோ மரச்சீவலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும். ஆனால் அது தண்டை ஒட்டக்கூடாது, சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தாங்குகுச்சியில் கட்டிய கயிற்றை மறந்தே போய், தண்டு பருத்தபின் அது பட்டையை அறுத்துக்கொண்டு நிற்பதும் அடிக்கடி காண்பதுதான். கயிற்றை அவிழ்க்கவும் ஒருவர் வேண்டும்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் நாற்று வளர்த்த கிராமப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். நட்டுப் பிழைத்த கன்றுக்குத்தான் கணக்கு. நட்டுவிட்டு மறந்துபோனால் எதுவும் கிடைக்காது. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்கு முறைதான். உங்கள் பழைய குழு எத்தனை நட்டோம் என்று எண்ணியது, எத்தனை பிழைத்தன என்று எண்ணவில்லை.

அந்தக் குழுவை அப்படியே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அடுத்த நடவுக்கு அழைப்பு வந்தால், போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த கோடையில் இதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்?" அதற்குப் பெயரும் முறையும் சொன்னால் போங்கள். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் அர்த்தம். அப்போது நீங்களே ஒரு யோசனை சொல்லலாம். கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்போம், பத்துக் கன்றுக்கு ஒருவர் பொறுப்பு என்று வைப்போம், அந்தப் பத்தில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மாதம் ஒருமுறை எழுதி வைப்போம் என்று. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. நெருக்கமாக நட்டுக் குறுங்காடு வளர்க்கும் மியாவாக்கி முறையைச் சொல்லி, நட்டால் போதும் தானாக வளரும் என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். அந்த முறையிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களை எடுக்கவேண்டும், தண்ணீரும் தேவைப்படும்.

இன்னொன்று. வெட்டவெளியெல்லாம் மரத்துக்காகக் காத்திருக்கிற இடமல்ல. புல்வெளியும் சதுப்பு நிலமும் தமக்கென்று பூச்சியும் பறவையும் உள்ள இடங்கள். அங்கே மரத்தை நட்டால் இருக்கிற உயிர்களுக்கு இடம் போய்விடும். அந்த நிலத்தில் இதற்கு முன் இயல்பாக என்ன வளர்ந்தது என்று விசாரிக்காமல் குழி தோண்டுகிற குழுவில் நான் சேரமாட்டேன்.

இனி உங்கள் கூட்டுத் தோட்டம்.

களையும் தண்ணீரும் "மட்டும்" கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் முக்கால் பங்கு வேலை அதுதான். விதைப்பும் அறுவடையும் வருடத்தில் சில நாட்கள், மீதி நாளெல்லாம் களையும் தண்ணீரும்தான். பூ விட்டு விதை கட்டுவதற்கு முன் பிடுங்கிய களை ஒரு வேலையோடு முடிந்தது. விதை சிந்திவிட்டால் அது மண்ணில் பல ஆண்டு கிடந்து முளைக்கும். களை பிடுங்கும்போதுதான் எது பயிர், எது களை, எந்த இலையைப் பூச்சி தின்கிறது, எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்குகிறது என்று கண்ணில் படும். செடிகளைப் பற்றித் தெரியாது என்கிற உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தண்ணீரைக் காலையில், இலைமேல் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். ஈரம் நெடுநேரம் இலையில் நின்றால் பூஞ்சை நோய் வர வழியாகும்.

சரி, பெரியவர் விஷயம். இப்படி ஒருவர் இல்லாத கூட்டுத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் ஆரம்பத்தில் வேறு யாரும் வராதபோது தனியாக நின்று குப்பை அள்ளியவராக இருப்பார். இப்போது கூட்டம் வந்திருக்கிறது. இவர்களும் நாலு மாதத்தில் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தோன்றினால் அதில் நியாயமும் உண்டு, நிறைய பேர் போய்விடுகிறார்களே. அதனால் "எங்களுக்கும் முடிவெடுக்க உரிமை வேண்டும்" என்று கூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். வேலை முடிந்து மண்வெட்டியைக் கழுவுகிற நேரத்தில் தனியாகப் போய், "ஐயா, ஒரு வேலையை முழுசா என்கிட்ட விடுங்க, மூணு மாசம் பார்ப்போம், சரியா வரலைன்னா எடுத்துக்குங்க" என்று கேளுங்கள். எல்லை தெளிவாக இருந்தால் கொடுப்பதும் எளிது.

எந்த வேலை என்று கேட்டால், மட்கு உரக் குவியலைக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் போட்டி இருக்காது. முழுத் தோட்டத்துக்கும் அது தேவை. பச்சைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, கிழித்த அட்டை போன்றவை இரண்டு மூன்று பங்கு. காய்ந்ததில் அதிகமுள்ள கார்பனும் பச்சையில் அதிகமுள்ள நைட்ரஜனும் எடைக்கணக்கில் 25 முதல் 30-க்கு 1 என்று புத்தகங்கள் சொல்வது நடைமுறையில் கிட்டத்தட்ட இதுதான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் போதும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருந்தால்தான் உள்ளே நன்றாகச் சூடேறும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய்ச் சில நாள் நின்றால், கிளறிவிடுகிற குவியலில் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் செத்துவிடும். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறுங்கள். சூடே ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குவியல் சிறிது, அல்லது காய்ந்து கிடக்கிறது. முதல் உரம் கைக்கு வந்து பாத்திகளில் போட்ட பிறகு பெரியவரே உங்களிடம் யோசனை கேட்கத் தொடங்கினால் எனக்கு ஆச்சரியமில்லை. அப்படியும் பேச்சுக்கே இடம் கொடுக்காதவர் என்றால், வேறு தோட்டம் தேடுவதில் குற்றமில்லை. இலவசமாக உழைப்பவருக்கும் மரியாதை வேண்டும்.

காலி மனை என்று எழுதியிருப்பதால் இரண்டு விஷயங்களை விசாரித்து வையுங்கள். அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது? பழைய கட்டடம் இடிந்த இடமாகவோ, பட்டறை இருந்த இடமாகவோ, போக்குவரத்து மிகுந்த சாலையோரமாகவோ இருந்தால் பழைய பெயின்டிலிருந்தும் அந்தக் காலத்து ஈயம் கலந்த பெட்ரோல் புகையிலிருந்தும் படிந்த ஈயம் மண்ணில் இருக்கலாம். அது தானாகச் சிதைந்து போகாது. ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. அதுவரை வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணை நிரப்பிய உயரப் பாத்தியில் பயிர் செய்யலாம். கீரையும் கிழங்கும் அழுக்கு மண்ணோடு அதிகம் ஒட்டுபவை, காய்க்கும் செடிகளில் ஆபத்து குறைவு.

அடுத்தது, நிலம் யாருடையது? நியூயார்க்கில் 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் குப்பை நிறைந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டு நகர நிர்வாகம் அதை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அதைப் பார்த்து ஊரெங்கும் தோட்டங்கள் வந்தன. 1999-இல் அதே நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களின் நிலத்தை ஏலம் விடத் தயாரானது. போராட்டம் நடந்து, கடைசி நேரத்தில் இரண்டு தொண்டு அமைப்புகள் அந்த நிலங்களை வாங்கியதால்தான் அவை பிழைத்தன. எழுத்தில் அனுமதி இருக்கிறதா, எத்தனை காலத்துக்கு என்று உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால், அலுவலக வேலை பார்க்கிற உங்களால் அந்தக் கடிதத்தை எழுத முடியும். தோட்டத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு மண்வெட்டி பிடிப்பவரைவிடப் பஞ்சம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒரு காலை என்றால் அதோடு நில்லுங்கள். ஆர்வத்தில் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லி இரண்டாம் மாதம் காணாமல் போகிறவரைவிட, இரண்டு மணி நேரமே வந்தாலும் தவறாமல் வருபவரை நம்பித்தான் தண்ணீர் முறை போட முடியும்.

மண் வேலை ஒத்துவராது என்று பின்னால் தோன்றினால் வேறு வாசல்களும் உண்டு. ஆற்றங்கரை, கடற்கரைத் துப்புரவில் அள்ளுவதோடு எண்ணி எழுதுகிற வேலையும் இருக்கிறது. 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் தொடங்கிய பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு அப்படித்தான் வளர்ந்தது. என்ன குப்பை, எத்தனை என்று அன்றிலிருந்து எழுதி வைத்ததால்தான், பல ஆண்டுகளாகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு என்று சொல்ல முடிந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே வருகிற இடத்தில் அடைக்கலாம். பறவை எண்ணுவது, பூச்சிகளைப் படம் எடுத்துப் பதிவு செய்வது எல்லாம் இதே வகைதான்.

மகனைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் உங்கள் பின்னால் சும்மா நிற்க விடாதீர்கள், அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். சீக்கிரம் முளைக்கிற ஏதாவது விதையைக் கொடுத்து, ஒரு தொட்டியோ பாத்தியின் ஒரு முழமோ அவன் பெயருக்கு விட்டுவிடுங்கள். மண்புழு எண்ணச் சொன்னாலும் நன்றாகப் பொழுதுபோகும். விரல் மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி உங்கள் இருவருக்கும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையில் வரும் உரமண்ணைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. ஈயப் பரிசோதனை முடிகிறவரை அவன் உயரப் பாத்தியிலேயே விளையாடட்டும். சிறு பிள்ளைகளுக்குத்தான் ஈயம் அதிகக் கெடுதல். கிளம்பும்போது கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, செருப்பை வீட்டுக்கு வெளியிலேயே விடச் சொல்லுங்கள்.